நத்தை, பெட்டி, கைத்தடி

ஐப்பசி 2, ஞாயிறு

என் பெயர் நாச்சிமுத்து. இதை நானே எழுதினேன்.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் அப்படியே இருந்தது. எழுத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். நாம் எழுந்து போனாலும் அது போவதில்லை.

மாலை வகுப்பு நடத்தும் தமயந்தி டீச்சர்தான் தினமும் எழுதச் சொன்னார். "என்னத்தை எழுதறதுங் டீச்சர்?" என்றேன். "அன்னன்னிக்கு நடந்ததை எழுதுங்க. ஒண்ணும் நடக்கலைன்னா, ஒண்ணும் நடக்கலைன்னு எழுதுங்க" என்றார். எழுபத்து நான்கு வயதில் புதிதாக என்ன நடந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் ஒன்று நடக்கிறது. நேற்றிலிருந்து என் இடது நெற்றியை யாரோ விரலால் தொடுகிறார்கள். புருவத்தில் தொடங்கி மேலே முடிவரை. திரும்பினால் யாரும் இல்லை. வலி என்று சொல்ல முடியாது. கூப்பிடுவது மாதிரி இருக்கிறது.

ஐப்பசி 3, திங்கள், தீபாவளி

காலையில் அமுதா தலைக்கு எண்ணெய் வைத்தாள். அமுதா என் மகள். வீட்டில் நாங்கள் இருவர்தான். இடது பக்கம் அவள் கை பட்டதும் கத்திவிட்டேன்.

"ஏனுங்கப்பா, எண்ணெய்தான வெச்சேன்? கொள்ளிக்கட்டையா வெச்சேன்?" என்றாள்.

ஒவ்வொரு முடியும் தனித்தனியாக வலித்தது. எண்ணெய்ப் புட்டியின் மேல் எழுதியிருந்ததை முழுவதும் படித்து வலியை மறந்தேன். தயாரித்த ஊர் வரைக்கும் படித்தேன்.

இந்தத் தொடுகை எனக்குப் பழக்கமானது. எங்கே பட்டது என்று மதியம் பலகாரம் தின்னும்போது ஞாபகம் வந்தது. என் அண்ணன் சென்னியப்பன். வீட்டில் சென்னி என்று கூப்பிடுவோம். அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு ஆறு. பள்ளிக்கூடத்திலிருந்து அம்மையோடு வந்தான். வேப்பிலை பரப்பிய பாயில் அவனைப் போட்டார்கள். நான் அவனை விட்டு நகரமாட்டேன். தொண்டைக்குள்ளும் கொப்புளம் வந்து அவனால் பேச முடியவில்லை. அதனால் என் முதுகில் விரலால் படம் போடுவான். நான் என்ன படம் என்று சொல்ல வேண்டும்.

ஒரே படங்களைத்தான் போடுவான். முதலில் ஒரு சுருள். "நத்தை!" என்பேன். பிறகு மூடி இல்லாத ஒரு பெட்டி. கடைசியில் தலை வளைந்த கைத்தடி. மூன்றையும் சரியாகச் சொன்னால்கூட முதுகில் ஓங்கி ஓர் அடி விழும். மறுபடியும் நத்தையிலிருந்து தொடங்குவான். எனக்குச் சிரிப்பு தாங்காது.

அப்புறம் எனக்கும் அம்மை போட்டது. நான் எழுந்தேன். அவனுக்கு அது மார்ச்சளியாக இறங்கிவிட்டது. "மிச்சம் இருக்கறது ஒண்ணு. அதுக்குப் பள்ளிக்கூடமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால்தான் நான் இத்தனை காலம் தற்குறி.

அண்ணனுக்குப் போட்டோ இல்லை. அவன் இருந்தான் என்பதற்கு நான் மட்டும்தான் சாட்சி.

ஐப்பசி 4, செவ்வாய்

இன்றும் தொட்டான்.

ஐப்பசி 5, புதன்

நல்ல மழை. விட்டதும் பழைய டாக்கீஸ் சுவரைப் படிக்கப் போனேன். முடிவெட்டும் கடைக்குப் பேப்பர் படிக்கப் போகிறவர்கள் மாதிரி நான் சுவருக்குப் போகிறேன்.

அந்தச் சுவரில் போஸ்டர் ஒட்டியதுதான் என் வேலையாக இருந்தது. எழுத்துத் தெரியாததால் எது மேல், எது கீழ் என்று தெரியாது. ஆள் படம் இருந்தால் தப்பித்தேன். வெறும் எழுத்தாக இருந்தால் மேனேஜர் மேல்பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துத் தருவார். ஒருமுறை மழையில் புள்ளி கரைந்து, படத்தின் பெயரையே தலைகீழாக ஒட்டிவிட்டேன். இதென்ன புதுமாதிரிப் படம் என்று அன்றைக்கு நல்ல கூட்டம்.

இன்று மழைக்குப் பசை ஊறி, உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் உரிந்திருந்தது. அதற்கு அடியிலும் போஸ்டர், அதற்கும் அடியிலும் போஸ்டர். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கண். யாருடையது என்று தெரியவில்லை. நான்தான் ஒட்டியிருப்பேன். அதன்மேல் எத்தனை முகங்களை ஒட்டினேனோ! அத்தனை வருடமும் அது இருட்டுக்குள் மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இடது கண்.

"சௌக்கியமுங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஐப்பசி 6, வியாழன்

காலையில் நெற்றியின் இடது பாதி முழுக்கச் சிவந்து, நீர்கோத்த கொப்புளங்கள். நடுநெற்றியில் கோடு கிழித்த மாதிரி நிற்கிறது. வலது பக்கம் ஒன்றுகூட இல்லை.

"ஆசுபத்திரிக்குப் போலாங்கப்பா. கண்ணுகிட்ட இருக்குது" என்றாள் அமுதா.

"இது அக்கி அம்மிணி. அக்கிக்கு எவனாச்சும் ஊசி போடுவானா? எழுதத்தான் வேணும்" என்றேன்.

அக்கி வந்தால் பானை வனைகிறவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். எழுதுவது என்றுதான் சொல்வோம். இத்தனை நாள் அந்தச் சொல் என் காதில் விழவே இல்லை. இன்றைக்கு விழுந்ததும் ஆசை வந்துவிட்டது. குயவர் வீதி ஆண்டியப்பனிடம் போனேன். தேங்காய்ச் சிரட்டையில் காவியைக் குழைத்து, கோழியிறகை எடுத்தான்.

"என்ன எழுதுவே ஆண்டி?"

"சிங்கமுங்க."

"சிங்கம்னு எழுதுவியா, சிங்கத்தை வரைவியா?"

"ஏனுங்ண்ணா, எனக்கு எழுத்தெங்கீங் வரும்? நானும் உங்களாட்டம் கைநாட்டுத்தான்."

"நானெல்லாம் இப்பக் கைநாட்டு இல்ல ஆண்டி. எழுதத் தெரியாதவன் அப்பறம் எதுக்கு எழுதறேன்னு சொல்றே?"

"எங்கப்பன் சொன்னான், நானுஞ் சொல்றேன். சித்த தலைய ஆட்டாம இருங்க, சிங்கத்துக்குக் காலு கோணிக்கும்."

காவி குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் அதற்கு அடியில் விரல் நகர்ந்துகொண்டேதான் இருந்தது.

ஐப்பசி 7, வெள்ளி

மீதிக் காவியை ஆண்டி கொடுத்தனுப்பியிருந்தான். சிங்கம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. எனக்கு எழுத்தே தெரியும்போது சிங்கம் எதற்கு? கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, அதில் பார்த்துப் பார்த்து, நெற்றியில் சென்னி என்று எழுதினேன். கண்ணாடியில் அழகாக இருந்தது.

மில்லிலிருந்து வந்த அமுதா என்னைப் பார்த்ததும் சோறு கொண்டுபோன தூக்குப்போசியைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னங்கப்பா இது? எழுத்தெல்லாம் திரும்பி நிக்குது!"

கண்ணாடியைப் பார்த்து எழுதியதால் மற்றவர்களுக்கு இடவலம் மாறிவிட்டது என்று விளக்கினேன். அவள் கேட்கவில்லை. ஈரத்துணியால் துடைக்க வந்தவள், துடைக்காமல் நின்றாள்.

"யாரோ உங்க மண்டைக்குள்ள இருந்துக்கிட்டு வெளிய பார்த்து எழுதுன மாதிரி இருக்குதுங்கப்பா."

நான் துடைக்க விடவில்லை.

ஐப்பசி 8, சனி

மூக்கு நுனியில் ஒரே ஒரு கொப்புளம். வைத்த பொட்டு மாதிரி இருக்கிறது. இடது கண்ணில் வெளிச்சம் குத்துகிறது. ஒன்றும் இல்லை, தூசி.

பல்பு மங்கல். அமுதாவிடம் சொல்லிப் புதுப் பல்பு போட்டேன். அதுவும் மங்கல். இப்போதெல்லாம் நல்ல பல்பு வருவதில்லை. தண்ணீரைத் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினேன். தம்ளரும் முன்மாதிரி இல்லை.

ஐப்பசி 10, திங்கள்

வகுப்பில் என்னைப் படிக்கச் சொன்னார்கள். 'ஆடு' என்பதை இரண்டு தடவை படித்தேன்.

"எதுக்கு ரெண்டு தரம்?" என்றார் டீச்சர்.

"ரெண்டு ஆடு நிக்குதுங் டீச்சர். ஒண்ணு பின்னாலயே இன்னொண்ணு, நெழலாட்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து என் இடது இமையைத் தூக்கிப் பார்த்தார். உடனே அமுதாவுக்குப் போன் செய்தார்.

ஐப்பசி 11, செவ்வாய்

ஆசுபத்திரி. டாக்டர் பெயர் நஸீமா. வாசல் பலகையில் நானே படித்தேன்.

"மூக்கு நுனியில இது எப்ப வந்துச்சு தாத்தா?"

"சனிக்கெழமைங்."

"அன்னைக்கே ஓடி வந்திருக்கணும். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு. மூக்குல வந்தா கண்ணுக்கும் வரப்போகுதுன்னு அர்த்தம். வந்தாச்சு."

"இது எங்கிருந்துங் ஒட்டுச்சு?"

"ஒட்டலை. உங்களுக்குள்ளயேதான் இருந்துச்சு. சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?"

"ஆறு வயசுலங். அப்பவே எறங்கிருச்சுங்."

"தோல்ல இருந்துதான் இறங்கும் தாத்தா. கிருமி உடம்பை விட்டுப் போகாது. நரம்போட வேர்ல போய்ப் படுத்துக்கும். அது எழுந்திருக்காம பார்த்துக்க உடம்புல காவல் அணுக்கள் இருக்கு. வயசாக ஆக அந்தக் காவல் தளர்ந்துபோகும். புதுசா வர்ற அணு குறைஞ்சிடும், இருக்கிற அணுவுக்குப் பழைய எதிரி மறந்துடும். அப்ப இது எழுந்து வரும்."

"அன்னிக்கு வந்த அதேங்களா?"

"அதே அம்மையோட கிருமிதான்."

"எனக்கு எங்கண்ணங்கிட்ட இருந்து வந்ததுங்."

"அப்படின்னா இது அவர்கிட்ட இருந்து வந்ததுதான்" என்றார்.

அவர் என்றார். ஒன்பது வயதுப் பையனை.

தினம் ஐந்து வேளை மாத்திரை, கண்ணுக்கு மருந்து. மாத்திரை கிருமியை மறுபடியும் படுக்க வைத்துவிடுமாம். விட்டுவிட்டால் கண் போய்விடுமாம். "படிக்கிற ஆசை இருக்குன்னு உங்க பொண்ணு சொன்னாங்க. அதை நினைச்சாவது ஒழுங்கா முழுங்குங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது நான் சிரித்துக்கொண்டே வந்ததாக அமுதா சொல்கிறாள். சிரிக்காமல் என்ன செய்வது? அவன் போகவே இல்லை. நான் போஸ்டர் ஒட்டும்போதும், கல்யாணம் கட்டும்போதும், அமுதா பிறந்தபோதும் இங்கேதான் இருந்திருக்கிறான். இடது கண்ணுக்குப் பின்னால்.

ஐப்பசி 12, புதன்

மாத்திரை ஐந்து வேளை. தொட்டியில் உள்ள செம்பருத்திக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஐப்பசி 13, வியாழன்

எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன். அப்போதுதான் தெரிகிறது. இப்போது வலது கண்ணிலும் நீர் வடிகிறது.

நான் ஒன்றும் முட்டாள் இல்லை. கண் என்றால் என்னவென்று தெரியும். எழுத்துக்காக நான் காத்திருந்த காலம் பெரியதுதான். ஆனால் அவன் காத்திருந்தது இருட்டில்.

அமுதா மில்லுக்குப் போனதும் கண்ணை மூடி உட்கார்ந்தேன். வந்தான். வேப்பிலை வாடை முதலில் வந்தது. இடது பக்கம், திரும்பினால் தெரியாத இடத்தில் உட்கார்ந்தான். மூச்சு விடுவது கேட்டது, சளி கட்டின மூச்சு. நெற்றியில் எழுத ஆரம்பித்தான். நெருப்பில் தோய்த்த விரல். சுருள். பெட்டி. தடி.

"நத்தை" என்றேன்.

அடித்தான். கண்ணுக்குள் வெட்டிய மின்னல் பின்மண்டை வரைக்கும் போனது. மறுபடியும் சுருள். என்ன கோபம் அவனுக்கு! நான்தான் சரியாகச் சொல்கிறேனே.

ஐப்பசி 14, வெள்ளி

இன்று நடந்ததை நிதானமாக எழுதவேண்டும்.

வலி பொறுக்கவில்லை. அமுதா மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு என்னை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "மாத்திரை போடுறாரா, இல்லையா?" என்று கேட்டார்.

"நானே கையில குடுத்துட்டுத்தானுங்க வேலைக்குப் போறேன்."

"அப்ப ஏன் கூடியிருக்கு? இப்படியே போனா இந்தக் கண்ணைக் காப்பாத்த முடியாது. அந்தக் கண்ணுக்கும் நான் பொறுப்பில்லை."

அமுதா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். இடது கண்ணில் பஞ்சு வைத்திருந்ததால் வலது கண்ணால் பார்த்தேன்.

சுவரில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போடச் சொல்லும் பழைய போஸ்டர். வாயைத் திறந்திருக்கும் ஒரு குழந்தை. மேலே பலாப்பழம் அளவுக்கு எழுத்துகள். மழைத்தண்ணீர் இறங்கி மற்றவை எல்லாம் உரிந்துபோய், முதல் எழுத்து மட்டும் மிச்சம் இருந்தது. போஸ்டர் ஒட்டியவன் பழக்கம், எழுத்தைத் துண்டு துண்டாகத்தான் பார்ப்பேன். முதலில் ஒரு சுருள். நடுவில் மூடி இல்லாத பெட்டி. கடைசியில் தலை வளைந்த கைத்தடி.

"நத்தை, பெட்டி, கைத்தடி" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"என்னங்கப்பா?"

"அம்மிணி, அது என்ன எழுத்து?"

"நல்லாப் படிப்பீங்களே, இது தெரியலீங்களா? போ."

தெரிந்துதான் கேட்டேன். வேறு யாராவது சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

அவன் விளையாடவில்லை. 'சின்னவனுக்கும் ஒட்டிக்கப் போகுது, அவனைத் தூக்குங்க' என்று வீட்டில் பேசியதை அவனும் கேட்டிருப்பான். வாயில் பேச்சு இல்லை. கையில் தெம்பு இல்லை. தெரிந்த ஒரு வழியில், படிக்கத் தெரியாதவன் முதுகில் எழுதிப் பார்த்திருக்கிறான். நான் நத்தை என்றேன். அடித்துத் துரத்தினான். நான் சிரித்துக்கொண்டு இன்னும் ஒட்டிப் படுத்தேன்.

இத்தனை நாள் கழித்து, இப்போது நெற்றியிலும் அதையேதான் எழுதினான்.

"தண்ணி குடு அம்மிணி" என்றேன். டாக்டரே மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டார். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினேன்.

"சரிண்ணா" என்றேன். டாக்டர் தன்னைச் சொல்கிறேனோ என்று பார்த்தார்.

ஐப்பசி 15, சனி

ஐந்து வேளையும் நானே விழுங்கினேன். செம்பருத்திக்கு ஒன்றும் தரவில்லை. அமுதா தொட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டாள். என்னோடு பேசவில்லை. ஆனால் ரசம் வைத்தாள்.

ஐப்பசி 20, வியாழன்

பொருக்கு உதிர்கிறது. தொடவில்லை.

கார்த்திகை 9, செவ்வாய்

இடது கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது. அது அப்படியேதான் இருக்குமாம். வலது கண்ணுக்கு ஒன்றும் இல்லை. பேப்பரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் பொடி எழுத்துவரை படிக்கிறேன். தமயந்தி டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "ஒத்தைக் கண்ணுலயே என்னோட தப்பைக் கண்டுபிடிக்கிறீங்க" என்றார்.

வலது கண்ணை மூடினால் இடது கண்ணில் வெள்ளைப் பனி. அதில் பாயில் கிடத்தின மாதிரி ஏதோ ஒன்று படுத்திருக்கிறது. ஏதாவது தெரிகிறதா என்று டாக்டர் கேட்டதற்கு, ஒன்றும் தெரியவில்லை என்றேன்.

"மறுபடி வருமுங்களா?" என்று கேட்டேன்.

"வரலாம். அது இப்பவும் உள்ளதான் தூங்குது. தடுக்கிறதுக்கு ஊசி இருக்கு. மறந்துபோன காவலுக்குப் பழசை ஞாபகப்படுத்திவிடும். உடம்பு தேறட்டும், போட்டுக்கலாம். மிச்சம் இருக்கிறது ஒரு கண்ணு, யோசிங்க."

மிச்சம் இருக்கறது ஒண்ணு. அப்பாவும் அப்படித்தான் சொன்னார். யோசிக்கிறேன் என்றேன்.

மார்கழி 5, சனி

டாக்கீஸ் சுவரில் உரிந்த இடத்தின்மேல் புதிதாக ஏதோ கடைத் திறப்பு விழாப் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். நல்ல பசை. கண் இருந்த இடத்தை உள்ளங்கையால் தட்டிக் கொடுத்தேன். வெயிலில் காய்ந்த சுவர்தான். அந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது.

தை 8, வியாழன்

ஊசி போட்டுக்கொண்டேன்.

"எந்தக் கை தாத்தா?" என்றது நர்ஸ் பெண்.

"இடதுங். வலது எழுதற கை."

அந்தப் பெண் மருந்தைக் கலக்கும்வரை, வலது கை விரலால் இடது கையின்மேல் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அரிக்குதுங்களாப்பா?" என்றாள் அமுதா.

"இல்ல. எழுதறேன்."

எங்கள் பக்கத்தில், புறப்படுகிறவர்களைப் பார்த்து வெறுமனே 'போ' என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'போயிட்டு வா' என்றுதான் சொல்வார்கள். சாவு வீட்டில் மட்டும்தான் அதைச் சொல்லக் கூடாது. சொன்னால் அது திரும்பி வரும் என்பார்கள். அதனால் அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. அவனும் எனக்குப் பாதியைத்தான் எழுதினான். மீதியை எழுத அவனுக்கு நாள் இல்லை.

முதலில் நத்தை, பெட்டி, கைத்தடி. அதற்குப் பக்கத்தில் மீதி எழுத்துகள். ஒன்றும் விட்டுப்போகாமல், அழுத்தி, நிதானமாக எழுதினேன்.

போய் வா.

அதன்மேல்தான் ஊசி இறங்கியது.

சாயங்காலம் காய்ச்சல் வந்தது. வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், காவல் விழித்துக்கொள்கிறதாம். வேப்பிலை வாடை வந்தது. அமுதா அடுப்படியில் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

இடது புருவத்துக்கு மேலே, மெதுவாக, ஒரே ஓர் எழுத்து எழுதினான். வலிக்கவே இல்லை. ஒரு பெட்டி, அதோடு ஒட்டி ஒரு வளைவு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புள்ளி. புள்ளி இருந்ததால் எது மேல், எது கீழ் என்ற குழப்பம் இல்லை. இந்தத் தடவை ஒரே வாசிப்பில் படித்துவிட்டேன்.

ம்.